அம்மாவுக்கு எந்த அறை

கரமனை, திருவனந்தபுரம்
24 பிப்ரவரி 2025

ஆண்டவருக்குள் அன்பான தங்கச்சி ஜெஸ்லினுக்கு,

அண்ணன் யோசுவா எழுதுவது. இங்கே நானும் ரெம்யாவும் குட்டியும் அம்மாவும் தேவ கிருபையால் சுகம். உன் உடம்பு எப்படி? திண்டுக்கல் பக்கம் இப்போதே வெயில் ஏறியிருக்கும்.

உங்கள் மடத்தில் போன் கிடையாது, வெளியே வரவும் மாட்டீர்கள். அதனால்தான் எல்லாவற்றையும் கடிதத்தில் எழுத வேண்டியிருக்கிறது. விஷயம் நம் வீடு. அப்பா கட்டிய டெரஸ் போன மழையில் மூன்று இடத்தில் ஒழுகியது. ஒட்டுப்போட்டுப் பிரயோசனமில்லை, இடித்துவிட்டு மேலே ஒரு மாடியும் சேர்த்துக் கட்டலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஸ்நேகா என்று ஒரு என்ஜினியர், கெட்டிக்காரப் பெண், பிளான் வரைந்துவிட்டாள். இனி கார்ப்பரேஷனில் பெர்மிட் வாங்க வேண்டும்.

அப்பா போனபிறகு அம்மா, நான், நீ என்று மூன்று பேர் பெயரில்தான் வீட்டுக் கரம் கட்டுகிறோம். ஆகையால் மூன்று பேர் சம்மதமும் வேண்டுமாம். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். உனக்கான சம்மதப் பத்திரம் இதோடு இருக்கிறது. மடத்துக்கு வந்துபோகும் நோட்டரி யாராவது இருந்தால் அவர் முன்னால் போட்டு அனுப்பு. பிளான் நகலும் வைத்திருக்கிறேன். உனக்கும் பார்க்க ஆசையிருக்குமே.

குட்டி, அத்தைக்கு ஒரு முத்தம் எழுதச் சொல்கிறாள். ஜெபத்தில் எங்களை விட்டுவிடாதே.

அண்ணன்
யோசுவா

•

திண்டுக்கல்
23 ஏப்ரல் 2025

இயேசுவில் அன்பான அண்ணனுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும். தவக்காலத்தில் நாங்கள் கடிதம் எழுதுவதில்லை. பதில் பிந்தியதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் சுகம். ரெம்யா மைனிக்கு முதுகுவலி குறைந்ததா? குட்டிக்குப் பரீட்சை எப்படி?

பிளானை ஓய்வு நேரத்தில் பல தடவை பார்த்தேன். முன்பு வேப்பமரம் நின்ற இடத்தில் படிக்கட்டு வருகிறது, இல்லையா? மேலே தனியாகச் சமையலறையும் வெளியிலிருந்து படியும் இருப்பதால் அது வாடகைக்கு என்று புரிந்துகொண்டேன். கீழே ஹால், சமையலறை, உங்கள் படுக்கையறை, குட்டியின் அறை. அம்மாவுக்கு எந்த அறை?

வருகிற டிசம்பர் எட்டாம் தேதி எனக்கு நித்திய வார்த்தைப்பாடு, அன்றோடு ஆயுளுக்கும் நான் இந்த மடத்துக்காரி. அதற்குமுன் என் பெயரில் உலகத்தில் என்ன இருந்தாலும் யாருக்காவது எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் என் பங்கைப் பற்றியும் யோசித்து வருகிறேன்.

சம்மதப் பத்திரம் கையில் இருக்கிறது. அம்மாவை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அவர்கள் கையெழுத்தைப் பார்த்து நாளாகிவிட்டது.

உங்கள் எல்லாருக்காகவும் தினமும் ஜெபிக்கும்
ஜெஸ்லின்

•

திருவனந்தபுரம்
2 மே 2025

அன்பான தங்கச்சிக்கு,

இங்கே எல்லாரும் சுகம், அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்து ரெம்யா சிரித்தாள். அம்மாவுக்கு இடமில்லாமலா போகும்? பிளானில் ஒவ்வொருவர் பெயரும் எழுதியா வைப்பார்கள்? ஹாலில் ஒரு கட்டில் போடலாம், குட்டியோடும் படுக்கலாம். இதெல்லாம் வீடு எழும்பினபிறகு பார்க்கிற காரியம்.

அம்மா எழுதவில்லையே என்று நினைக்காதே. கண் அவ்வளவு சரியில்லை. உன்னைக் கேட்டதாகச் சொன்னாள்.

பெர்மிட் எப்படியும் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் பின்பக்கத்துப் பழைய சமையலறையை இடித்துவிட்டோம். மழைக்குமுன் அஸ்திவாரம் போட்டால்தான் உண்டு. பழவங்காடியில் எங்கள் பெயிண்ட் கடைக்கு வருகிற மேஸ்திரிமார் எல்லாரும் "பெர்மிட் ஆயோ?" என்று கேட்கிறார்கள்.

உன் பங்கைப் பற்றி யோசித்து வருவதாக எழுதியிருந்தாய். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அதையும் அடுத்த கடிதத்தில் எழுது. பத்திரத்தை உடனே அனுப்பு.

அண்ணன்
யோசுவா

•

திண்டுக்கல்
25 மே 2025

இயேசுவில் அன்பான அண்ணனுக்கு,

நலம். நீங்கள் எல்லாரும் நலமா? கேரளத்தில் இந்த வருடம் மழை முந்திவிட்டது என்று மடத்துப் பார்லரில் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்ற ஒருவர் சொன்னார்.

அம்மாவுக்குக் கண்புரை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் கூட இருந்தது நான். அதன்பிறகு பொடி எழுத்து ஜெபப்புத்தகத்தைக் கண்ணாடி இல்லாமல் வாசித்தார்கள். இப்போது கண்ணுக்கு என்ன வந்தது? டாக்டரிடம் காட்டினீர்களா? எழுத முடியாவிட்டால் அவர்கள் சொல்வதை நீங்கள் எழுதுங்கள், அடியில் பெயரை மட்டும் அவர்கள் போடட்டும்.

சமையலறையை இடித்துவிட்டீர்கள். அப்படியானால் அம்மா எங்கே சமைக்கிறார்கள்? நாலு மணிக்கு எழுந்து அடுப்புப் பற்றவைக்காமல் அவர்களுக்குப் பொழுது விடியாது என்று நம் இருவருக்கும் தெரியும்.

கட்டில் போட ஹால் இருக்கிறது என்கிறீர்கள். அறுபது வயது கழிந்த ஒருவர், வருகிறவர் போகிறவர் நடுவில் படுப்பாரா?

நோட்டரி வந்தார். கையெழுத்துப் போட்டு மதரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். அம்மாவின் இரண்டு வரி கிடைத்த அன்றைக்கே அது தபாலில் சேரும்.

மைனிக்கும் குட்டிக்கும் என் அன்பு.

ஜெஸ்லின்

•

நேமம், திருவனந்தபுரம்
6 ஜூன் 2025

ஜெஸ்லினுக்கு,

சுகம். உனக்கும் சுகம் என்று நினைக்கிறேன்.

கையெழுத்துப் போட்ட பத்திரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நிபந்தனை சொல்வதை எந்த மடத்தில் கற்றுக்கொண்டாய்? உங்கள் மதர் எல்லாக் கடிதத்தையும் படித்துவிட்டுத்தான் தருவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். படிக்கட்டும். கரமனையில் உள்ள நாலு சென்ட் மேல் மடத்துக்குக் கண் உண்டா என்று அவர்களிடமே கேட்கிறேன். 'யாருக்காவது எழுதிக் கொடுத்துவிட வேண்டும்' என்று நீ எழுதியது யாருக்கு? நான் இருக்கும்போது வேறு யார்?

அப்பா கிடையில் விழுந்தபோது நீ நவசந்நியாசத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து இரண்டு வருடம் பார்த்தாய். இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக இன்றைக்கு என்னைக் கூண்டில் நிறுத்துவாயா?

இடித்த வீட்டில் இருக்க முடியாமல் நேமத்தில் வாடகைக்கு வந்திருக்கிறோம். நாங்கள் மூன்று பேரும் ஒரே அறையில் கிடக்கிறோம். கரமனை வீட்டின் பின்பக்கம் திறந்து கிடக்கிறது, நீலப் படுதா போட்டு மூடியிருக்கிறேன். ஒவ்வொரு மழைக்கும் சுவர் ஊறுகிறது. நீ அங்கே பத்திரத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு ஜெபம் செய்.

யோசுவா

•

திண்டுக்கல்
22 ஜூன் 2025

மரியாதைக்குரிய அழகியநம்பி மாமாவுக்கு,

ஜெஸ்லினின் வணக்கம். நீங்களும் மாமியும் சுகமாக இருக்கிறீர்களா? கடை முன்போலவே நடக்கிறதா? சிறு வயதில் பேனாவுக்கு மை வாங்க நான் உங்கள் கடைக்கு ஓடி வந்ததெல்லாம் நினைவிருக்கும்.

ஒன்று கேட்க வேண்டும், உங்கள் மனதோடு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அம்மாவை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? அண்ணன் தன் கடிதத்தில் 'நாங்கள் மூன்று பேரும்' என்று எழுதியிருக்கிறார். அண்ணன், மைனி, குழந்தை. அதைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இங்கிருந்து வேறு யாரையும் கேட்க வழியில்லை.

உங்கள் குடும்பத்துக்காக ஜெபிக்கிறேன்.

ஜெஸ்லின்

•

கரமனை
3 ஜூலை 2025

சௌபாக்கியவதி ஜெஸ்லினுக்கு, சாமியார் அம்மாளுக்கு இப்படி எழுதலாமோ கூடாதோ தெரியவில்லை, எனக்கு நீ ஜெஸ்லின்தான்.

நானும் மாமியும் க்ஷேமம். உன் கடிதம் கிடைத்தது. ஒளிக்காமல் எழுதுகிறேன். மார்ச்சில் ஆற்றுகால் அம்மன் பொங்காலைக்கு உங்கம்மை நம் தெருவில் அடுப்பு கூட்டின பெண்டுகளுக்குத் தண்ணீர் கொண்டு கொடுத்தாள். வருஷா வருஷம் செய்வதுதானே. அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. பெட்டி கட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினதை மாமி பார்த்திருக்கிறாள். கூட யோசுவா இருந்தான்.

போன மாதம் அவன் சுவரைப் பார்க்க வந்தபோது கேட்டேன். "அம்மை எங்கடே?" என்றேன். "சொந்தத்துல ஒரு வீட்டுல இருக்கா மாமா" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான். அடுத்த வாரம் மார்த்தாண்டத்திலிருந்து உன் சித்தி வந்து, பூட்டின வீட்டைப் பார்த்துவிட்டு என் கடைக்கு வந்து, "அக்கா எங்க?" என்று என்னைக் கேட்கிறாள். அவள் வீட்டிலும் இல்லையென்றால் வேறு எந்தச் சொந்தம்?

நான் அவனைத் தப்பாகச் சொல்லவில்லை. பார்த்ததை எழுதினேன். உன் மனசைக் கலக்கிவிட்டேனோ என்று விசாரமாக இருக்கிறது.

ஆசீர்வாதம்.
அழகியநம்பி

•

திண்டுக்கல்
13 ஜூலை 2025

யோசுவா அண்ணனுக்கு,

சமாதானம்.

அம்மா மார்த்தாண்டத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். மார்ச் மாதத்திலிருந்து கரமனையிலும் இல்லை என்று தெரியும். ஆட்டோவில் ஏற்றியது நீங்கள் என்றும் தெரியும்.

சம்மதப் பத்திரத்தைக் கிழித்துவிட்டேன். என் பங்கில் எந்தக் கட்டடத்துக்கும் எனக்குச் சம்மதமில்லை என்று கார்ப்பரேஷன் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதி அனுப்பியிருக்கிறேன். அம்மா தன் கையால் எழுதும்வரை அதை நான் மாற்றப்போவதில்லை.

ஜெஸ்லின்

•

தைக்காடு, திருவனந்தபுரம்
24 ஆகஸ்ட் 2025

என் அன்பு மகள் ஜெஸ்லினுக்கு அம்மா ரத்னாபாய் எழுதுவது.

நான் சுகம். கண் சுகம். முழங்கால் மட்டும் மழைக்குக் கொஞ்சம் பிடிக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு, உபவாசம் என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

போன வாரம் யோசுவா மழையில் நனைந்துகொண்டு இங்கே வந்தான். கார்ப்பரேஷனிலிருந்து வந்த தாளையும் உன் கடிதங்களையும் சமையல் மேடையில் வைத்தான். "அம்மை, நீயே வாசி" என்றான். வாசித்தேன். "இதுக்கு ஒரு வரி நீ பதில் எழுதப்பிடாதா?" என்றேன். "என்ன எழுத? நீதான சொல்லப்பிடாதுன்னு சொன்ன" என்று சொல்லிவிட்டு, துடைக்காத தலையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது ஆம்பிளை. நான்தான் துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

நான் இருப்பது வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற ஹாஸ்டல். இங்கே சமையல் என் பொறுப்பு. கிறிஸ்துமஸ் கழிந்து பகலில் மட்டும் வந்துகொண்டிருந்தேன். பொங்காலை முடிந்ததும் பெட்டியோடு வந்துவிட்டேன். என்னை யாரும் அனுப்பவில்லை, நான் கேட்டு வாங்கிய வேலை. யோசுவா, "நாட்டுக்காரன் என்ன சொல்லுவான், அம்மைய வேலைக்கு விட்டான்னு சொல்லமாட்டானா?" என்று இரண்டு நாள் சண்டை பிடித்தான். பிறகு அவனே ஆட்டோ கூப்பிட்டுக் கொண்டுவிட்டான்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கியது நான். ஏன் என்று உனக்குத் தெரியும். அப்பா விழுந்தார் என்று கேட்டதும் நீ உடுப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றவள். அம்மா இந்த வயதில் ஹாஸ்டலில் சோறு வடிக்கிறாள் என்று கேட்டால் மறுபடியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாய். டிசம்பர் கழியட்டும், அதன்பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். இரண்டு வரி கேட்டாயே, அந்த இரண்டு வரியிலும் பொய் எழுத வேண்டும். என் கை வரவில்லை.

நீ கேட்ட அறையைப் பற்றியும் சொல்கிறேன். பிளான் வரையும்முன் யோசுவா கேட்டான். "அம்மை, கீழ ஒனக்கும் ஒரு ரூம் வரையச் சொல்லட்டா?" என்றான். "எனக்கு என்னத்துக்கு மக்கா ரூம்?" என்றேன். ஒரு தடவைதான் கேட்டான். நான் வேண்டாம் என்றதும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதையும் நான் பார்த்தேன். அவன் மேல் கோபமில்லை. நாலு சென்ட்தானே, வாடகைக்கும் விட வேண்டும், குட்டியும் வளர்கிறாள். ஆனாலும் பார்த்தேன்.

நீயும் பெரிய நியாயக்காரி இல்லை. யோசுவாவிடம் கேட்டாய், நம்பி அண்ணாச்சியிடம் கேட்டாய், நான் ஆட்டோ ஏறியதைப் பார்த்தது அவர் வீட்டுக்காரி மட்டும்தானே, கார்ப்பரேஷனுக்கும் எழுதிவிட்டாய். அம்மாவுக்கு எந்த அறை, எந்த அறை என்று கேட்டாயே, அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று ஒரு கடிதத்திலும் நீ கேட்கவில்லை.

அந்த வீட்டில் முப்பத்தைந்து வருடம் இருந்தேன். யோசுவாவுக்க அம்மை, ஜெஸ்லினுக்க அம்மை என்றுதான் தெருவில் எல்லாரும் கூப்பிட்டார்கள். இங்கே "ரத்னா சேச்சீ" என்று மூன்று மாடிக்கும் கேட்கும்படி கத்துகிறார்கள். என் கையாளாக இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். சாம்பாரில் காயம் கூடினால் நான் அவர்களைத் திட்டுகிறேன். ராத்திரி ஜன்னலோரம் கட்டில், விளக்கை எப்போது அணைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்வதில்லை.

கார்ப்பரேஷனுக்கு எழுதியதைத் திரும்ப வாங்கு. சுவர் ஊறிப்போய்க் கிடக்கிறது, பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள்.

இந்தக் கடிதத்தை ஒட்டும்முன் யோசுவாவுக்குப் படிக்கக் கொடுப்பேன். இனி யாருக்கும் தெரியாமல் யாருக்கும் எழுத வேண்டாம்.

ஓணத்துக்கு ஹாஸ்டல் அடைப்பு. வேலை குறைவு. பதில் போடு.

அம்மா

•

திண்டுக்கல்
14 செப்டம்பர் 2025

என் பிரியமுள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறீர்களா? நான் சாப்பிடுகிறேன். கவலைப்பட வேண்டாம்.

நீங்கள் பயந்தது சரிதான். உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின வாரம் ஊருக்குப் போக மதரிடம் அனுமதி கேட்டேன். அவர்கள் பத்து நாள் பொறுக்கச் சொன்னார்கள். கோபத்தோடு பொறுத்தேன். அண்ணன் உங்களை எங்கேயோ கொண்டு தள்ளிவிட்டார் என்றே நம்பியிருந்தேன். கோயிலில் முழந்தாளிட்டு அவருக்காக ஜெபிப்பதாகச் சொல்லிக்கொண்டு அவர் கடிதங்களில் பொய்யைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆட்சேபணையைத் திரும்பப் பெறுவதாக எழுதிவிட்டேன். புதிய சம்மதப் பத்திரமும் போயிருக்கும். அண்ணனுக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் இல்லை.

என் பங்கை உங்கள் பெயருக்கு எழுதுகிறேன். மதருக்கும் தெரியும். மடத்துக்கு அது வேண்டாம், வேண்டும் என்று இங்கே யாரும் ஒரு நாளும் சொன்னதுமில்லை. இதை அண்ணனிடம் நீங்கள் சொல்லுங்கள், நான் சொன்னால் நம்பமாட்டார். மூன்றில் இரண்டு பங்கு இனி உங்களுடையது. அங்கே இருப்பதும் ஹாஸ்டலில் இருப்பதும் உங்கள் இஷ்டம்.

இப்போது கேட்கிறேன். உங்களுக்கு என்ன வேண்டும் அம்மா?

உங்கள் மகள்
ஜெஸ்லின்

•

நேமம், திருவனந்தபுரம்
9 நவம்பர் 2025

தங்கச்சி ஜெஸ்லினுக்கு,

இங்கே சுகம். ரெம்யாவின் முதுகுவலி அப்படியே இருக்கிறது. குட்டிக்கு இரண்டு பல் விழுந்தது.

பெர்மிட் கிடைத்துவிட்டது. பழைய பிளானுக்கு இல்லை, மாற்றிக் கொடுத்ததற்கு. உன் கடிதம் வந்ததும் அம்மா ஹாஸ்டலிலிருந்து நேராக என்ஜினியர் ஸ்நேகாவின் ஆபீசுக்குப் போயிருக்கிறாள். எனக்குப் போன் வந்தபிறகுதான் தெரியும். நானும் ரெம்யாவும் போய்ச் சேரும்போது ஸ்நேகா பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள். "அம்மே, ரூம் எவிடெயா வேண்டது?" என்று ரூமுக்கு இடம் கேட்டாள். "கரமனை ஆறு தெரியணும். வாசல் தெருவப் பாத்துத் தனியா இருக்கணும். இவங்க ஹாலுக்குள்ள கேறி நான் போவப்பிடாது, கேட்டியா?" என்றாள் அம்மா. ரெம்யாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "அப்ப அம்மை எங்ககூட இருக்கமாட்டீங்களா?" என்று கேட்டாள். "ஞாயித்துக்கெழம வருவேன். மத்த நாள், ஹாஸ்டல்ல எனக்குக் கையாளா இருக்க பிள்ளையள்ல ஒருத்தி அந்த ரூம்ல தங்குவா. அவளுக்கு ராத்திரி பஸ் கெடைக்கல்ல" என்றாள். வேறு யாரிடமும் கேட்கவில்லை. குட்டியின் அறை பாதியாகிவிட்டது. அவளுக்கு அது பற்றி ஒரு கவலையுமில்லை, ஆற்றைப் பார்த்த ஜன்னல் பாட்டிக்குப் போய்விட்டதே என்றுதான் அழுகை.

அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது. ஊறிய சுவரை மேஸ்திரி கையால் தள்ளினார், விழுந்துவிட்டது.

உன் மன்னிப்புக் கடிதம் வந்தது. ரெம்யா வாசித்துக் காட்டினாள். நான் இன்னும் கையில் வாங்கவில்லை. மடத்தைப் பற்றி நான் எழுதியது தப்பு. அதை மதரிடம் சொல். அம்மா என் முகத்தில் நிம்மதியைப் பார்த்ததாக எழுதியிருந்தாளே, அது உண்மை. அவள் பார்த்தாள் என்று நான் அறியவில்லை. அதற்கு அவளிடம் நான் என்ன சொல்ல முடியும்? மாற்றிய பிளானில் முதல் கையெழுத்து அவளைப் போடச் சொன்னேன், அவ்வளவுதான் முடிந்தது.

ஆனால் ஒன்று. மூன்று மாதம் நீ எனக்கு எழுதினாய். கண்ணைக் கேட்டாய், அடுப்பைக் கேட்டாய், கட்டிலைக் கேட்டாய். அம்மாவை என்ன செய்தாய் என்று நேராக ஒரு தடவை கேட்டிருந்தால், சத்தியத்தை மீறி அன்றைக்கே சொல்லியிருப்பேன். நீ கடைக்காரருக்கு எழுதினாய். நம்பி மாமா இப்போதும் என்னைக் கண்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். அந்தத் தெருவில்தான் நான் வீடு கட்டி வாழ வேண்டும்.

டிசம்பர் எட்டாம் தேதிக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். அம்மாவை மடத்து வாசல்வரை கொண்டுவந்து விடுவேன். உள்ளே வருவேனா என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. பார்லர் கம்பிக்கு இந்தப் பக்கம் அம்மா மட்டும் நின்றால், நான் வெளியே பஸ் நிறுத்தத்தில் இருக்கிறேன் என்று தெரிந்துகொள். அவளைத் தனியாக அனுப்பிவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே.

அண்ணன்
யோசுவா